வேலி மேலே பச்சை, கீழே மொட்டை: எங்கே தப்பு, எப்படிச் சரிசெய்வது

எந்த ஊர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், செடி விஷயத்தில் ஊர் தெரியாமல் யோசனை கேட்பதில் அர்த்தமே இல்லை. புளியரை. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடம். ஆனி, ஆடியில் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை, இடையில் பங்குனி சித்திரையில் மண் வெடிக்கிற வெயில். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துத் தென்மலையில் என் மதினி வீடு. அவர்கள் வீட்டுச் செடிவேலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, அதே செடிகளை இங்கே கொண்டுவந்து வைத்து, அவர்கள் வெட்டுகிற மாதிரியே வெட்டி, நாலு வருஷம் ஒழுங்காகக் கெடுத்தேன். நடுவில் ஒரு மலைதான், ஆனால் மண்ணும் வெயிலும் வேறே.

என்னிடம் இருப்பது முன்பக்கம் தங்கத் துராந்தா, மதிலை ஒட்டி இட்லிப்பூ, பின்பக்கம் செம்பருத்தி, ஓடைக்கரையில் ஆடாதோடை. நர்சரிக்குப் போனால் இந்தப் பக்கம் பெயர்கள் குழம்பும், 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தானே. இட்லிப்பூவைத் தெச்சி என்பார்கள், செத்தி என்பார்கள், தமிழ் வாத்தியார் வெட்சி என்பார். எல்லாம் ஒரே செடி. செம்பருத்தி செம்பரத்தி ஆகிவிடும். பெயரை விடுங்கள், இலையைப் பார்த்து வாங்குங்கள்.

இனி அறிகுறி வாரியாகப் போகலாம். பூச்சியோ நோயோ என்று மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன்னால் கத்தரியைச் சந்தேகப்படுங்கள், என் அனுபவத்தில் பாதிக்குமேல் குற்றவாளி அதுதான்.

கீழே வெறும் குச்சி, மேலே மட்டும் குடை மாதிரி இலை

எல்லா வீட்டிலும் இருக்கிற வியாதி. தெருவில் நின்று பார்த்தால் அழகான பச்சை, நாய் பார்வைக்குக் குனிந்து பார்த்தால் வீட்டுத் திண்ணை வரை தெரியும். காரணம் எளிது: மேல்பக்கம் அகலமாகவும் அடிப்பக்கம் ஒடுக்கமாகவும் வெட்டியிருக்கிறீர்கள். வேண்டுமென்று யாரும் அப்படி வெட்டுவதில்லை. நின்றபடி கத்தரியைப் பிடித்தால் கை தானாகவே கீழே போகப்போக உள்ளே சரியும், அதனால் அடி ஒடுங்கிவிடும். மேல் இலை கீழ் இலைக்கு நிழல் கட்டும். நிழலில் கிடக்கிற இலையைச் செடி வைத்துக்கொள்ளாது, உதிர்த்துவிடும்.

இதைத் திருப்பிப் போட வேண்டும். அடி அகலம், நுனி ஒடுக்கம். நாலடி உயர வேலி என்றால் அடியில் இரண்டரை அடி, உச்சியில் ஒன்றரை அடி போதும், நெல் குவித்துவைத்த மாதிரி லேசான சரிவு. பக்கவாட்டில் வெட்டும்போது கீழேயிருந்து மேலே போங்கள். மேலேயிருந்து கீழே வந்தால் பழையபடி உள்ளே சரிந்துவிடும்.

ஆனால் ஏற்கெனவே மொட்டையான வேலியில் வெறும் சரிவு வெட்டினால் ஒன்றும் ஆகாது, அடிக்குச்சியில் தளிர் வர வைக்க வேண்டும். இங்கேதான் ஒரு சின்ன விவரம். கிளையின் நுனியில் இருக்கும் மொட்டு தனக்குக் கீழே உள்ள கண்களைத் தூங்க வைத்துக்கொண்டே இருக்கும், ஆக்சின் என்ற சுரப்பு கீழே இறங்கி அந்த வேலையைச் செய்கிறது. நுனியை எடுத்துவிட்டால் கண்கள் விழிக்கும். ஆகவே உயரத்தில் பாதியை, மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ஒரேயடியாக எடுக்க வேண்டும். பக்கவாட்டைப் பொறுத்தவரை இரண்டையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். இந்த வருஷம் தெருப்பக்கம், அடுத்த வருஷம் வீட்டுப்பக்கம். ஒரு பக்கமாவது இலை இருந்தால்தான் செடி சாப்பிட முடியும்.

செம்பருத்தி, இட்லிப்பூ, துராந்தா, மருதாணி, காகிதப்பூ எல்லாம் பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும், பயம் வேண்டாம். துஜா வைத்திருக்கிறவர்கள் மட்டும் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். அது காய்ந்த பழுப்புக் கட்டையில் வெட்டினால் திரும்பத் துளிர்க்காது, வெட்டினது வெட்டினதுதான். பச்சை இருக்கிற இடத்துக்குள்ளேயே கத்தரி நிற்க வேண்டும்.

எப்போது வெட்டுவது? வைகாசிக் கடைசியில், வெயில் கொஞ்சம் தளர்ந்து சாரல் வரப்போகிறது என்று காற்று சொல்லும்போது. தளிர் வரவும் ஈரம் இறங்கவும் சரியாக இருக்கும். மதினி சித்திரையில் வெட்டுவார்கள், அங்கே கோடைமழை அடிக்கடி வந்துபோகும், செடி தாங்கிக்கொள்ளும். நான் அதைப் பார்த்து இங்கே சித்திரையில் மொட்டையடித்தேன். அதுவரை நிழலிலேயே இருந்த உள்கிளைகளின் பட்டை கத்தரி வெயிலில் நேராக வெந்து, வெயில் பட்ட பக்கம் முழுக்கத் தோல் உரிந்து வெடித்துவிட்டது. அந்தத் துராந்தாவில் நாலு செடி இன்றும் முடம்.

புதிதாக வேலி வைக்கிறவர்கள் இந்தச் சங்கடத்துக்கே வராமல் இருக்கலாம். கன்று ஓரடி ஆனதும் நுனியைக் கிள்ளுங்கள், இன்னொரு அரையடி வளர்ந்ததும் மறுபடி. “வளரட்டும், அப்புறம் வெட்டலாம்” என்று விட்டால் பின்னால் நான் மேலே சொன்ன மொட்டைதான்.

வெட்டின மூணாம் நாள் இலை ஓரமெல்லாம் பழுப்பு

நோய் இல்லை. கத்தரி மழுங்கல். ஒரு இலையைப் பறித்து வெட்டின ஓரத்தைப் பாருங்கள். கூரான கத்தரி வெட்டினால் கோடு போட்ட மாதிரி இருக்கும், மழுங்கினது நசுக்கி இழுத்திருக்கும், நார் நாராகத் தெரியும், அந்த நார்தான் காய்ந்து பழுப்பாகிறது. சாணை பிடியுங்கள், திருகாணியை இறுக்குங்கள், இரண்டு அலகுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது. பால் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய்.

கூரான கத்தரிக்கும் பழுப்பு வருகிறது என்றால் நேரம் தப்பு. உச்சி வெயிலில் வெட்டாதீர்கள், சாயங்காலம் நாலரைக்கு மேல். குரோட்டன்ஸ், அக்கலிஃபா மாதிரி அகல இலைச் செடிக்குப் பெரிய கத்தரியே வேண்டாம். பாதி பாதியாக அறுந்த இலைகள் மாசக்கணக்கில் அசிங்கமாகத் தொங்கும். கை கட்டரை எடுத்து ஒவ்வொரு குச்சியாக உள்ளே விட்டு வெட்டுங்கள், பொறுமை வேண்டும், வேறு வழி இல்லை.

இட்லிப்பூ இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள். அடி இலை, பழைய இலை முழுசாக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு, மக்கின சாணி போட்டால் சரியாகும். கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சை வலை மாதிரி நின்றால் இரும்புச்சத்து. இரும்பைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கச் செடியால் முடியாது, அதனால்தான் குறைவு எப்போதும் கொழுந்தில் தெரியும்.

எனக்கு வந்தது இரண்டாவது. மதினி வீட்டில் இதே செடி கரும்பச்சையில் பளபளக்கிறது. அங்கே வெட்டுக்கல் மண், புளிப்பு மண், இட்லிப்பூவுக்கு அதுதான் பிடிக்கும். இங்கே நான் வைத்தது மதிலுக்கு ஒரு அடி தள்ளி. மண்வெட்டியைப் போட்டுத் தோண்டினால் முதல் கொத்திலேயே ‘டங்’ என்று சத்தம். கொத்தனார் மிச்சமான கலவையையும் உடைந்த செங்கலையும் பூச்சுப் பொக்கையும் அங்கேயே கொட்டி மேலே நாலு விரல்கடை செம்மண் பரப்பிவிட்டுப் போயிருக்கிறார். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும், காரமான மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. உப்புக்கரிக்கிற போர்த் தண்ணீர் வேறு ஊற்றினால் கேட்கவே வேண்டாம்.

உடனடி வைத்தியம்: லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), பாதி எலுமிச்சம்பழச் சாறு, இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர், சாயங்காலம் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். பத்து நாளைக்கு ஒரு தடவை, மூன்று தடவை. டைல்ஸ், மொசைக் மேலே சிந்தாதீர்கள், துருக்கறை போகாது. என் வீட்டு வாசல்படியில் இன்னும் இருக்கிறது, வீட்டுக்காரியும் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

நிரந்தரம் என்றால் கலவைக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்து, செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு, முடிந்தால் மழைத்தண்ணீர் பாயும்படி பாத்தி திருப்ப வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது எனக்கு.

செடி நன்றாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

இட்லிப்பூ கிளை நுனியில்தான் பூக்கும். மாசத்துக்கு ஒரு தடவை நுனியைச் சீவிக்கொண்டே இருந்தால் மொட்டு எங்கே வரும்? ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் வாடின கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டிவிட்டு, அடுத்த பூ வரும் வரைக்கும் கத்தரியை ஆணியில் மாட்டிவிடுங்கள். செங்கல் மாதிரி சதுரமான வேலியும் வேண்டும், பூவும் வேண்டும் என்றால் நடக்காது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். யூரியா அள்ளிப்போட்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள், இலைதான் தள்ளும்.

இலையெல்லாம் கரி பூசின மாதிரி கறுப்பு

விரலால் தேய்த்தால் மசி மாதிரி கையில் வருகிறதா? வந்தால் அது இலையில் உள்ளே போன நோய் இல்லை, மேலே படிந்த பூஞ்சை. சாறு உறிஞ்சுகிற பூச்சி எதுவோ இனிப்பான கழிவை ஒழுக விடுகிறது, அதன்மேல் பூஞ்சை வளர்கிறது. சரி, பூச்சி எங்கே? இலையைத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, “வேலியை என்ன பாக்கிய, மேல பாருங்க” என்றார்.

மேலே தென்னை. ஓலையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சுருள் வட்டம். சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் முதலில் தெரியவந்தது, அப்புறம் மலைக்கு இரண்டு பக்கமும் பரவிவிட்டது. அது மேலே உட்கார்ந்து உறிஞ்ச, கீழே இருக்கிற என் செம்பருத்தி கறுக்கிறது. நான் இரண்டு மாதமாக வேலிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தேன், நோயாளி மாடியில் இருக்கத் திண்ணைக்கு வைத்தியம்.

இதற்குக் கடுமையான பூச்சிமருந்து வேண்டாம். எண்கார்சியா என்ற பொடிக் குளவி இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கும், மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். மஞ்சள் தகட்டில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுங்கள், குழாய்த் தண்ணீரை ஓலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள். கறுத்த இலைக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைப் பசையாகக் காய்ச்சிக் கரைத்துத் தெளித்தால், காய்ந்ததும் மசி பொருக்காக உரிந்து விழும். வெயில் உள்ள நாளில் செய்யுங்கள். சாரல் நேரத்தில் செய்தால் செடிக்குக் கஞ்சி ஊற்றின கதை.

குச்சியின் கவட்டில் வெள்ளைப் பஞ்சு, எறும்பு சாரை

மாவுப்பூச்சி. செம்பருத்தி என்றால் அதற்கு உயிர். 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கும், பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் ஒரு வழி பண்ணியது. அதற்கும் செம்பருத்தி பிடிக்கும். 2010-ல் புவேர்ட்டோ ரீக்கோவிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் அடங்கியது. ஆகவே இங்கேயும் மருந்தில் அவசரப்படாதீர்கள். பஞ்சு அதிகமான குச்சிகளை வெட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெயிலில் வையுங்கள், குப்பைமேட்டில் வீசினால் நடந்தே திரும்பி வரும். மீதிக்குத் தண்ணீர் பீய்ச்சல், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலோடு அடித்துக் கலக்கித் தெளிப்பு. எறும்பைத் தடுக்க மறக்காதீர்கள், அதுதான் மாவுப்பூச்சியைப் பால்மாடு மாதிரி வளர்த்துச் செடிக்குச் செடி காவல் காக்கிறது.

முசுறு எறும்பின் கூடு வேறு சமாச்சாரம். இலைகளைச் சேர்த்துத் தைத்துப் பந்து மாதிரி கூடு கட்டியிருந்தால், கத்தரி படும் முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை சட்டைக்குள் போனால் தெரியும். வெட்டத் தொடங்குமுன் கம்பால் வேலியை இரண்டு தட்டு தட்டுவது என் வழக்கம், முசுறு, குளவி, பாம்பு எல்லோருக்கும் சேர்த்து ஒரு அறிவிப்பு.

மஞ்சள் நூல் மாதிரி கொடி சுற்றியிருக்கிறது

இலையும் இல்லை, வேரும் இல்லை, சேமியா கொட்டின மாதிரி. அம்மையார் கூந்தல். துராந்தாவுக்கு இதுதான் எமன். கொடியை மட்டும் இழுத்து எடுத்தால் பத்து நாளில் திரும்ப வரும், ஏனென்றால் அது தண்டுக்குள்ளேயே உறிஞ்சியைச் செருகியிருக்கும். கொடி சுற்றின கிளையையே, சுற்றின இடத்துக்குக் கீழே ஒரு சாண் சேர்த்து வெட்டிவிடுங்கள். பூத்துக் காய்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும், விதை மண்ணில் பல வருஷம் காத்திருக்கும். வெட்டினதை எரியுங்கள், கீழே ஒரு துண்டு விழுந்தாலும் பக்கத்துச் செடியில் ஏறும்.

இலையோடு வேகமாக ஏறி மூடுகிற பச்சைக் கொடி என்றால் மிக்கேனியா. மலையாளத்தில் திருதராஷ்டிரப் பச்சை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பீமனின் சிலையைத் திருதராஷ்டிரன் கட்டிப்பிடித்து நொறுக்கினானே அந்தத் தழுவல். பெயர் வைத்தவர் வேலி வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும். மழை முடிந்த ஈர மண்ணில் வேரோடு பிடுங்கலாம், கணுவுக்குக் கணு வேர் விடும் என்பதால் துண்டுகளை விடாதீர்கள்.

வெட்டி முடித்துப் பார்த்தால் பாம்பு மாதிரி நெளிகிறது

நூல் கட்டுங்கள். இரண்டு பக்கமும் கம்பு, கொத்தனார் நூல், பத்தடிக்கு ஒரு முட்டு. கண்ணளவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூன்றாவது செடியில் ஏமாற்றும்.

தங்கத் துராந்தா சாதாரணப் பச்சையாகிவிட்டது

நிழல் விழுந்தால் தங்கம் போய்விடும், மேலே மரக்கிளை இருந்தால் கழியுங்கள். நல்ல வெயிலிலும் ஒரே ஒரு கிளை மட்டும் பச்சையாக, மற்றதைவிட வேகமாக ஓங்கினால் அது பழைய குணத்துக்குத் திரும்பின கிளை. நுனியைச் சீவினால் இன்னும் கிளைக்கும், அடியோடு எடுங்கள். மஞ்சள் உருண்டைக் காய் வந்திருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள், விஷக்காய், பிள்ளைகள் வாயில் போடும்.

வரிசையில் நடுவில் ஒன்று மட்டும் செத்துவிட்டது

செத்ததா என்று முதலில் பாருங்கள். அடித்தண்டை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது, அரையடி விட்டு வெட்டித் தண்ணீர் ஊற்றிக் காத்திருங்கள். பழுப்பும் பொடியுமாக இருந்தால் போயிற்று.

போனது ஏன் என்று தெரியாமல் அதே குழியில் இன்னொன்றை வைக்காதீர்கள். தண்டில் மண்பூச்சு இருந்தால் கரையான். பிடுங்கும்போது வேர் தோல் கழன்று, நாற்றமடித்தால் தண்ணீர் தேங்கி அழுகியிருக்கிறது, சாரல் மாசத்தில் பள்ளமான இடத்தில் இப்படித்தான் ஆகும். வாஷிங் மெஷின் தண்ணீர் அந்தப் பக்கம் போகிறதா என்றும் பாருங்கள்.

அழுகல் என்றால், தப்பின பக்கத்துச் செடிகளில் வெட்டுக்காயம் பெரிதாக இருந்தால், போர்டோ பசை பூசுங்கள். மலையடியில் ரப்பர், மிளகு, பாக்கு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லித்தருவார்கள். 100 கிராம் துருசு, அதாவது மயில்துத்தம், அரை லிட்டர் தண்ணீரில் தனியாக. 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு இன்னொரு அரை லிட்டரில் தனியாக. சுண்ணாம்பு நன்றாக ஆறினபிறகு துருசுத் தண்ணீரை அதில் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள், வானநீலத்தில் குழம்பாக வரும். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு, தகரம் கூடாது. பதம் பார்க்கப் பளபளப்பான கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள், அலகில் செம்புநிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். ஏறவில்லை என்றால் சரி. அன்றைக்கே பூசிவிட வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். விரல்கனத்துக்கு மேலே உள்ள வெட்டுக்கு மட்டும் போதும், சும்மா சீவினதுக்கெல்லாம் தேவையில்லை.

இடைவெளியை அடைக்கச் சின்னக் கன்று வைத்தால் இரண்டு பக்கமும் வளர்ந்த செடிகள் நடுவில் அது மூச்சுமுட்டிப் போகும். பழைய மண்ணை ஒன்றரை அடி ஆழம் மாற்றி, இரண்டு வருஷத்துச் செடியாக வாங்கி வையுங்கள், பக்கத்துச் செடிகளின் அந்தப் பக்கத்துக் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுங்கள். காசு செலவழிக்க மனசில்லையா, பக்கத்துச் செம்பருத்தியின் தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணுக்குள் பதியம் போட்டுக் கல்லை வையுங்கள். வேர் பிடித்தபின் தாயிடமிருந்து அறுத்துவிடலாம்.

இடுப்பு உயரம் வரை யாரோ மேய்ந்திருக்கிறார்கள்

ஆடு. சந்தேகமே வேண்டாம். ரோட்டோரம் ஆடாதோடை அல்லது நொச்சி வையுங்கள், ஆடு தொடாத இலை என்பதால்தான் ஆடாதோடை என்றே சொல்வார்கள். அரளியும் தொடாது, ஆனால் வெட்டின அரளித்தழையைத் தெருவில் போடாதீர்கள், வாடினால்கூட விஷம் இருக்கும், யாருடைய மாடாவது வாய் வைத்துவிடும்.

கத்தரியோடு பக்கத்தில் போனாலே ஒரு குருவி கத்துகிறது

உள்ளே தையல்சிட்டுக் கூடு இருக்கும். இரண்டு இலையை நாரால் தைத்துப் பை மாதிரி பண்ணியிருக்கும், பார்த்தால் சுருண்ட இலை என்றுதான் தோன்றும். இந்த ஆவணியில் என் செம்பருத்தியில் வலமிருந்து ஆறாவது செடி. முட்டையிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய நாலு வாரம் ஆகும், அதுவரை இரண்டு பக்கமும் ஒரு முழம் விட்டுவிட்டு மீதியை வெட்டினேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் “அந்த இடத்தை மட்டும் ஏன் விட்டிய?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.